தென்மராட்சியில் மாங்காய் தேடியது

மாம்பழம் மூச்சு விடுகிறதா என்று நேரில் பார்த்து வரும்படி என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மூச்சு விடுகிறது என்பது எனக்கு முன்பே தெரியும். என் பிழைப்பே அதுதான். யோகராணி எழுதியிருந்த விதத்தில் விடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

யோகராணி அங்கே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக விரிவுரையாளர். கறுத்தக் கொழும்பான் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் மாம்பழத்தைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதியிருந்தார். அதை மதிப்பிட இருவரை நியமித்தார்கள். ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். மற்றவர் கோயம்புத்தூரில் இருந்த நான். இங்கிலாந்துக்காரர் ஒரு படத்தைச் சுட்டிக்காட்டி, இது நம்பும்படியாக இல்லை, யாராவது கண்ணால் பார்த்துச் சொல்லட்டும் என்று எழுதிவிட்டார். தம்மால் வர இயலாது என்றும் எழுதினார். எண்பத்தாறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வர இயலாது என்பவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆகவே நான் போனேன்.

அவர் சந்தேகப்பட்டது இதைத்தான். பறித்த பிறகும் மாங்காய் உயிரோடு இருக்கிறது. முதலில் மெதுவாக மூச்சு விடும். பிறகு ஒரு நாள் மூச்சு சட்டென்று ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். இறங்கிய பின் அதைப் பழம் என்கிறோம். உச்சியில் நிற்கும்போது செங்காய். இந்த மூச்சு சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத மைட்டோகாண்ட்ரியாக்களில் நடக்கிறது. அவற்றைப் பிரித்தெடுத்துச் சயனைடு போட்டால் மூச்சு நிற்க வேண்டும். பச்சைக்காயிலிருந்து எடுத்தவை நிற்கின்றன, செங்காயிலிருந்து எடுத்தவை நிற்காமல் பாதி வேகத்தில் தொடர்கின்றன என்று யோகராணி எழுதியிருந்தார். இதை என் முன்னால் அவர் மறுபடி செய்து காட்ட வேண்டும். காட்டினால் பட்டமும் நிரந்தர வேலையும் கிடைக்கும். காட்டாவிட்டால் கல்வித் தவணை முடிவோடு வேலை போய்விடும். தவணையும் மாம்பழக் காலமும் ஏறக்குறைய ஒன்றாக முடியவிருந்தன.

எனக்கு இரண்டு விதிகள் கொடுத்திருந்தார்கள். சோதனை முடியும்வரை எதையும் கையால் தொடக்கூடாது. எந்தக் கருத்தையும் வாயால் சொல்லக்கூடாது.

யோகராணி கோப்பாயில் தாயாருடன் தனியாக இருந்ததால் என்னை, ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் அடுத்த சந்தில், கிறேஸ் ரீச்சர் வீட்டில் தங்கவைத்தார். ரீச்சர் என்றால் டீச்சர், சேர் என்றால் சார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாலையில் கூடத்தில் உட்கார்ந்து தங்கள் தேவாலயத்தின் வரலாற்றை எனக்குச் சொன்னார். அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரிகளைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, "நீங்கள் சைவமோ, சேர்?" என்று கேட்டார்.

பேச்சு சமயத்தைப் பற்றியே போய்க்கொண்டிருந்ததால், "இல்லை, வைணவம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று எழுந்து போனார். இரவுச் சாப்பாட்டில் அறக்குளா மீன் குழம்பு இருந்தது. அன்று பிட்டைத் தேங்காய்ச் சம்பலுடன் சாப்பிட்டேன். காலையில் விளக்கிச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. "அப்ப நீங்கள் சைவம் சாப்பிடுற வைணவம்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

கிணற்றடியில் குளித்தேன். சோப்பு நுரைக்கவில்லை. சிறுவாணித் தண்ணீரில் குளித்துப் பழகியவனுக்கு இது முதலில் சோப்பின் குற்றமாகப் பட்டது. அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்று ரீச்சர் சொன்னார். மண் சிவப்பு, வேலி பனையோலை. வேலிக்கு அப்பால் யார் பேசினாலும் இந்தப் பக்கம் கேட்கும். அவர்கள் அதைக் குறையாக நினைப்பதாகத் தெரியவில்லை.

மறுநாள் யோகராணியும் நானும் ஆய்வுகூடத்துக்குப் போனோம். கருவிகள் பழையவை, ஆனால் ஒவ்வொன்றும் துடைத்து அதனதன் இடத்தில் இருந்தது. ஒரே பாடத்தைப் படித்த இருவர் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் நிற்பதை அங்கேதான் கண்டேன். நான் ஆக்சிஜன் என்றேன், அவர் ஒட்சிசன் என்றார். நான் மைட்டோகாண்ட்ரியா என்றேன், அவர் இழைமணி என்றார். இழையும் மணியுமாக உருப்பெருக்கியில் தெரிவதைச் சொல்லும் சொல். எங்கள் ஊரில் நாங்கள் பெயர்த்துச் சொல்ல முயலவே இல்லை.

"மின்சாரம் எப்போது இருக்கும்?" என்று கேட்டேன்.

"விடியப்புறம் வரும் சேர். எப்ப போகுமெண்டு போனாப் பிறகுதான் தெரியும்." அவர் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்து காட்டினார். "குளிரூட்டுற பகுதி வேலை செய்யாது. இழைமணியைப் பிரிக்கச் சுத்திவர ஐஸ் வைக்க வேணும். ஐஸ்தான் பிரச்சினை."

"சயனைடு?"

"அது பிரச்சினையில்லை. இஞ்சை அது கிடைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. குறிப்பில் "ஐஸ்: தட்டுப்பாடு" என்று மட்டும் எழுதினேன்.

காய்கள் சாவகச்சேரியில் அவருடைய தாய்மாமனிடம் இருந்தன. பெயர் வைத்திலிங்கம். அந்தத் தென்மராட்சிப் பகுதியில் கடைசியாகக் காய்க்கும் மரம் ஒன்று வீட்டைச் சுற்றிய அவருடைய வளவில் இருந்தது. "முத்தல் காயாப் பிடுங்கி வையுங்கோ, இந்தியாவிலையிருந்து ஒரு சேர் வாறார்" என்று யோகராணி சொல்லி அனுப்பியிருந்தார். காய்களை எடுத்துவர நாங்கள் மினிபஸ்ஸில் புறப்பட்டோம்.

எங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறினால் இறங்கும் இடத்தில்தான் இறங்குவோம். இங்கே பாதி வழியில் நடத்துநர், "ஹெலி" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். எல்லோரும் வரிசையாக இறங்கி வேப்பமரங்களுக்குக் கீழே நின்றார்கள். யாரும் ஓடவில்லை. ஹெலிகாப்டர் வட்டமிட்டுப் போன பிறகு மறுபடி ஏறினோம். என் ஜன்னல் ஓர இருக்கையில் ஒருவர் சாக்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். இது என் இடம் என்றேன்.

"அது ஹெலி வரமுன்னம்" என்றார் அவர்.

இந்த நியாயத்தைப் பேருந்தில் யாரும் மறுக்கவில்லை. நான் நின்றுகொண்டே போனேன்.

வைத்திலிங்கம் வாசலுக்கே வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர், உரத்த குரல், தோளில் துவாய். தேத்தண்ணி கூடக் குடிக்க விடாமல் வளவின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு குழி, மேலே வாழையிலையும் மண்ணும் மூடியிருந்தது. ஓரத்தில் ஓட்டைப் பானை ஒன்று தேங்காய்ப் பொச்சோடு புகைந்து அணைந்து கிடந்தது. அவர் இலையை விலக்கினார். வாசனை முதலில் வந்தது.

உள்ளே வாழைக்குலையும் அதைச் சுற்றி மாம்பழங்களும். எல்லாம் பழங்கள்.

"சேர் வாறார் எண்டவுடனை குலையோடை சேர்த்துத் தாட்டுப்போட்டன். மூண்டுதரம் புகை ஊதினனான். பாருங்கோ, மருந்துக்கும் ஒரு காயில்லை."

யோகராணி குழிக்குள் குனிந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் எதுவும் இல்லை. "மாமா, நான் காயெல்லே கேட்டனான்."

"கேட்டனி. எனக்கு விளங்கினது. உன்ரை வாயாலை பழம் தாங்கோ எண்டு கேக்க வெக்கம், அதுதான் காயெண்டு சொல்லிவிட்டனி. கடல்கடந்து வாற மனிசனுக்குக் காயைக் குடுத்துவிட்டால் சனம் என்னைப்பற்றி என்ன கதைக்கும்?"

"அவர் சாப்பிட வரேல்லை, மாமா. அளக்க வந்தவர்."

"அளந்துபோட்டுச் சாப்பிடட்டும்."

புகையும் வாழைக்குலையும் சேர்ந்தால் மாங்காய் உடனே மூச்சை ஏற்றிவிடும். நாங்கள் பார்க்க வேண்டிய உச்சி அந்தக் குழிக்குள் எவரும் பாராமல் வந்து போயிருந்தது. இதை யோகராணி மாமாவுக்கு விளக்கிச் சொன்னார். தவணை, வேலை, பட்டம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டு முடித்துவிட்டு, துவாயால் முகத்தைத் துடைத்தார். "அப்ப நான் உன்ரை வேலையைப் புகையடிச்சுப்போட்டனோ?" என்றார்.

விதியில் சாப்பிடுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு பழம் சாப்பிட்டேன். தோல் பச்சையும் மஞ்சளுமாகக் கலந்திருந்தது. உள்ளே நார் இல்லை. சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடும் என்பதால் மேற்கொண்டு எழுதவில்லை.

அடுத்த நாள் வேறு மரத்துக் காய் தேடிச் சைக்கிளில் புறப்பட்டோம். கோப்பாயில் தொடங்கி அச்சுவேலி வரை போவதாகத் திட்டம். ரீச்சரின் காலஞ்சென்ற கணவருடைய சைக்கிளை எனக்குத் தந்தார்கள். அவர் என்னைவிட உயரமானவர். செயின் வழியெல்லாம் கழன்றது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து மாட்டிவிட்டு, எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு போனார். கோவையில் செயின் கழன்றால் நாமே மாட்டிக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

மாமரம் இருந்த வீடுகளில் எல்லாம் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். காய் வேண்டும் என்றோம். எல்லோரும் தலையாட்டி உள்ளே போனார்கள். எல்லோரும் பழத்தோடு வந்தார்கள். சில வீட்டில் அறுத்தே கொண்டுவந்தார்கள். கடைசிக் காய்களை எல்லாம் வைக்கோலுக்குள் வைத்தாயிற்று என்றார்கள். ஒரு வீட்டில் பச்சையாகவே ஒரு கூடை காய் கண் முன்னால் இருந்தது. "உது கூடாது சேர், புளிக்கும்" என்று அந்த வீட்டுக்காரர் கூடையைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

அச்சுவேலியில் ஒரு வீட்டில் நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி எங்களை வரவேற்றார். யோகராணி, காய்தான் வேண்டும், பழம் வேண்டாம் என்று இந்த முறை அழுத்தமாகச் சொன்னார்.

அந்த அம்மா யோகராணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி யோகராணியைச் சற்றுக் கீழே பார்த்தார்.

"மாங்காய் ஆருக்குப் பிள்ளை?"

"ஆராய்ச்சிக்கு, அன்ரி."

"ஓமோம். முதல்லை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எத்தினை மாசம்?"

யோகராணி சைக்கிளைத் திருப்பினார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன். என் செயின் மறுபடி கழன்றது. இந்த முறை நானே மாட்டினேன்.

நாங்கள் கோப்பாய்க்குத் திரும்புவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. கிறேஸ் ரீச்சர் எனக்கு இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "உங்களுக்கு ஊரிலை மனிசி பிள்ளையள் இருக்கினமோ?" என்று கேட்டார். மனைவி ஒருத்தி, மகள்கள் இருவர் என்றேன். பெயர்களையும் கேட்டார். சொன்னேன். வேலியின் அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

சிறிது நேரத்தில் யோகராணி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "நாளையிலையிருந்து மாமா எங்களோடை வருவார், சேர். உங்களோடை நான் தனிய வெளிக்கிடேலாது."

"வேண்டுமானால் இத்தோடு நிறுத்திவிடலாம்" என்றேன்.

"நிப்பாட்டினால் வேலையும் போகும். பிறகு கதை மட்டும்தான் மிஞ்சும்." சற்று யோசித்தார். "காய் எடுத்தால் அந்தக் கதைக்கும் ஒரு முடிவு வரும்."

வைத்திலிங்கம் திட்டத்தோடு வந்தார். விருந்தாளிக்குத்தான் யாரும் காய் கொடுக்கமாட்டார்கள். வியாபாரிக்குக் கொடுப்பார்கள். சாவகச்சேரிச் சந்தையில் கொழும்பு லொறிகளுக்குப் பச்சைக்காயைப் பெட்டி பெட்டியாக ஏற்றுகிறார்கள். லொறிகள் சரியாக ஓடாததால் இந்த வாரம் காய் தேங்கியிருக்கிறது. நாங்கள் வியாபாரிகளாகப் போக வேண்டும்.

"ஒரு விசயம், சேர். நீங்கள் வாயைத் திறந்தியளோ, பழம்தான்."

சந்தையில் நான் வாயைத் திறக்கவில்லை. வெயில் தகரக்கூரையின் கீழே தேங்கி நின்றது. என் வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது. ஒரு கடைக்காரரின் முன்னால் கறுத்தக் கொழும்பான் கல்லுப்போல் பச்சையாகக் குவிந்திருந்தது. வைத்திலிங்கம் அதில் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்து, முத்தல் இல்லை என்று குறை சொன்னார். கடைக்காரர் அவருக்குக் கண் தெரியவில்லை என்றார். இப்படியே ஒரு மாதிரி ஒத்துவந்து, கடைக்காரர் பெட்டியை நிரப்பத் தொடங்கினார். பெட்டி நிரம்பி வழிந்தது. நான் பழக்க தோஷத்தில், "போதுங்க" என்றேன்.

கடைக்காரரின் கை நின்றது. "ஐயா இந்தியாவோ?"

நான் தலையாட்டிவிட்டேன்.

"அட, முன்னமே சொல்லியிருக்கலாமெல்லே" என்று அவர் பெட்டியைக் கவிழ்க்கப் போனார். "உதைத் தூக்காதேங்கோ. உள்ளுக்கை நல்ல பழம் வைச்சிருக்கிறன், எங்கடை வீட்டுக்கெண்டு வைச்சது."

வைத்திலிங்கம் பெட்டியின்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். "அண்ணை, இவர் ஊறுகாய்க் கொம்பனி."

"ஊறுகாயோ?"

"ஓம். மதுரைப் பக்கம் பெரிய கொம்பனி. எங்கடை காயைப் பாத்துப்போட்டுப் போகத்தான் வந்தவர். பழத்தைக் குடுத்தால் ஊறுகாய்க்கு என்ன செய்யிறது?"

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பையில் பேனாக்களும் வெப்பமானியும் இருந்தன. அது ஊறுகாய்க்குப் பொருத்தமாகவே இருந்திருக்க வேண்டும். "அப்ப சரி" என்று மேலும் நாலு காய் போட்டார். என் தொழில் யாருக்காவது பயன்படக்கூடியது என்று ஒருவர் ஒத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. அதனால் மறுக்கவில்லை.

மீன் சந்தையிலேயே ஐஸும் கிடைத்தது. மரத்தூளில் சுற்றி, சாக்கில் கட்டி, வைத்திலிங்கம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அன்றே பாதிக் காய்களை அறுத்துப் பச்சைக்காய்ச் சோதனையைச் செய்தார் யோகராணி. மின்சாரம் கடைசிவரை போகவில்லை. சயனைடு விழுந்ததும், மூச்சை வரையும் கருவியின் பேனா மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. முதல் பாதி சரி. குறிப்பில் மட்டும் எழுதிக்கொண்டேன். ஆய்வுகூடம் முழுவதும் மீன் வாடை.

மீதிக் காய்கள் தாமாக மூச்சை ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே நான் புறப்பட்டாக வேண்டும் என்று பயணம் குறித்திருந்தது. குறித்த பயணத்தை நான் மாற்றியதில்லை. அன்று மாற்றினேன். தபாலகத்துக்குப் போய், "காய் இன்னும் பழுக்கவில்லை. மூச்சு ஏறியதும் புறப்படுகிறேன்" என்று வீட்டுக்குத் தந்தி எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். கூண்டின் அந்தப் பக்கமிருந்து தணிந்த குரலில், "ஐயா, இதுக்கு வேறை கருத்து ஏதும் இருக்கோ?" என்றார்.

"இல்லை. மாங்காய்தான்."

"இருக்கட்டும்" என்று முத்திரை குத்தினார். நம்பியதாகத் தெரியவில்லை.

காய்களை ஆய்வுகூடத்தில் பூட்டி வைத்தோம். யோகராணி நாள்தோறும் அவற்றைக் கண்ணாடிச் சாடியில் இட்டு, வெளிவிட்ட மூச்சை அளந்தார். காபனீரொட்சைட்டு என்று அவர் சொன்னதைக் கரியமிலவாயு என்று நான் எழுதிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் அளவு முந்தைய நாளைப்போல் இரண்டு மடங்காயிற்று. "மூச்சு ஏறிட்டுது சேர்" என்றார். வைத்திலிங்கத்துக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் ஐஸோடு வந்து சேர்ந்தார்.

சதையை ஐஸ் குளிரில் அரைத்து, துணியில் வடித்து, சுழற்றி அடியில் படியவைக்கும் இயந்திரத்தில் இட்டார் யோகராணி. இயந்திரத்தைச் சுற்றி வைத்திலிங்கம் ஐஸை அள்ளி அடைத்தார். கடைசிச் சுற்று முடிந்ததும் குழாயின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு சிட்டிகை படிந்திருந்தது. அதுதான் இழைமணி. அதில் கொஞ்சத்தைக் கருவியில் இட்டார். பேனா சீராகச் சரிந்து வரைந்தது. நல்ல மூச்சு. சயனைடு போட்டார். பேனா சரிந்துகொண்டே போனது, போனது, நின்றது.

கூரையில் மின்விசிறியும் நின்றது.

நாங்கள் மூவரும் காகிதத்தைப் பார்த்தோம். கோடு நின்ற இடத்தில் பேனா மசி ஒரு புள்ளியாக ஊறியது. மின்சாரம் இருந்திருந்தால் கோடு படுத்திருக்குமா, சரிந்துகொண்டே போயிருக்குமா என்று அந்தக் காகிதத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இங்கிலாந்துக்காரர் நிச்சயமாகச் சொல்லமாட்டார்.

"இதை நான் ஏற்க முடியாது" என்றேன். இது கருத்து ஆகாது, விதி என்று எண்ணிக்கொண்டேன்.

"தெரியும் சேர்." அவர் பதற்றப்படவில்லை. மீதி இழைமணி இருந்த குழாயை ஐஸுக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டு, சுவரலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு மரச்சட்டத்தை இறக்கினார். லாட வடிவில் வளைந்த கண்ணாடிக் குழாய்கள் மூன்று, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு குடுவை. உள்ளே உள்ளது ஒட்சிசனை உறிஞ்ச உறிஞ்சக் குழாயில் நீலத் திரவம் ஏறும். மின்சாரம் வேண்டாம். நான் மாணவனாக இருந்தபோது இதுதான் கருவி. ஆனால் குடுவைகளை மாறாத சூட்டில் இருக்கும் தண்ணீரில் வைத்து, விடாமல் குலுக்க வேண்டும்.

சிற்றுண்டிச்சாலையிலிருந்து சோறு வடிக்கும் கிடாரத்தைக் கொண்டுவந்து கிணற்றுத் தண்ணீர் நிரப்பினார்கள். என் வெப்பமானியை மட்டும் கொடுத்தேன். குலுக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும், அளவு படிக்க ஒரு ஆள். யோகராணி என்னைப் பார்த்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மாமா, இஞ்சை வாங்கோ. இந்தச் சட்டத்தைப் பிடிச்சு இப்பிடி ஆட்ட வேணும். கெதியாத் தொடங்க வேணும், இழைமணி செத்துப்போகும்."

"ஏழு மணிக்கு இன்னும் கன நேரம் கிடக்குப் பிள்ளை."

"ஏழு மணியில்லை மாமா, இழைமணி."

"ஆற்றை மணியெண்டாலும் ஆட்டுறன், தா."

முதல் குடுவையில் தண்ணீர் மட்டும். இரண்டாவதில் இழைமணி. மூன்றாவதில் இழைமணியும் சயனைடும். இந்த இடத்தில்தான் பலர் தவறுவார்கள். குடுவையின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. கரியமிலவாயுவைப் பிடிக்க அதில் காரம் ஊற்றுவோம். சயனைடு சும்மா இருக்காது, மெல்ல அந்தக் காரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் நிற்காத மூச்சு என்று எதைக் காட்டினாலும் அது சயனைடு இல்லாத மூச்சுதான். இதை அவருக்கு நினைவூட்ட எனக்கு அனுமதி இல்லை. யோகராணி சயனைடுப் புட்டியை மூடினார். பிறகு நின்று, மறுபடி திறந்து, நடுக்கிண்ணத்துக் காரத்திலும் கொஞ்சம் கலந்தார். அங்கேயும் சயனைடு இருந்தால் வெளியே உள்ளது அங்கே போகாது. அதைக் குறிப்பில் எழுதி, கீழே ஒரு கோடு இட்டேன்.

வைத்திலிங்கம் ஆட்டினார். முதலில் ஊஞ்சல்போல் ஆட்டினார். யோகராணி திருத்தியதும் சரியாக ஆட்டினார். ஆட்டிக்கொண்டே, மாட்டுக்குப் புண்ணாக்கு கிடைக்காதது பற்றியும் மருமகன் கனடாவுக்குப் போகப் போவது பற்றியும் சொன்னார். யோகராணி குனிந்து திரவத்தின் மட்டத்தைப் படித்துச் சொன்னார். நானும் குனிந்து தனியாகப் படித்தேன். இருவர் எண்களும் ஒத்துவந்தன. தண்ணீர்க் குடுவை அசையவில்லை. இரண்டாவது ஏறியது. மூன்றாவது, முதலில், அசையவில்லை.

யோகராணி அடுத்த அளவைச் சொல்லவில்லை. கண்ணைக் குழாயிலிருந்து எடுக்கவும் இல்லை.

"என்ன பிள்ளை?"

"ஆட்டுங்கோ மாமா. நிப்பாட்டாதேங்கோ."

அவர் மாடு, மருமகன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த நீலக்கோடு கண்ணாடியில் கீறிய அளவுக்குறிக்குக் கீழே ஒட்டி நின்றது. பிறகு குறியின் மேலே தெரிந்தது. பிறகு அடுத்த குறியைத் தொட்டது. யோகராணி அளவைச் சொன்னார். நான் படித்ததும் அதுதான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஏறியது. இரண்டாவது குடுவை ஏறியதில் ஏறக்குறையப் பாதி.

ஐஸ் முழுவதும் உருகும்வரை அளந்தோம். "காணும் மாமா" என்றார் யோகராணி. வைத்திலிங்கம் சட்டத்தை விட்டுவிட்டு விரல்களை நீட்டி மடக்கினார். யோகராணி முதல் தடவையாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, கேட்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

வைத்திலிங்கத்துக்குத் தெரியாது. "அப்ப சேர், பிள்ளை பாஸோ?"

"அதை இப்போது சொல்ல விதியில் இடமில்லை" என்றேன். "மேலிடத்துக்குத்தான் எழுத வேண்டும்."

அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மருமகளிடம் திரும்பினார். "பாஸ்தான். இல்லையெண்டால் ரண்டு நாளைக்கு முன்னமே பெட்டியைக் கட்டியிருப்பார்."

அது தவறென்றால் நான் மறுத்திருக்க வேண்டும். சோதனை முடிந்துவிட்டதால் இனிப் பொருள்களைத் தொடலாம். மூன்றாவது குடுவையை எடுத்து, கவனமாகக் கழுவத் தொடங்கினேன்.